நேர மண்டல லைப்ரரி ஒரு புராஜெக்டா என்று கேட்ட தம்பிக்கு

கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் சாட்பாட் செய்யும்போது, நேர மண்டலச் சுருக்கங்களைப் புரிந்துகொள்ளும் பைத்தான் லைப்ரரியோடு போய் நின்றால் இன்டர்வியூவில் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். சிரிக்க மாட்டார்கள் தம்பி. ஆனால் நீ அனுப்பிய கோடை அப்படியே காட்டினால் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வாய்.

ஐஎஸ்டி (IST) என்றால் +5:30, அதாவது உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி முன்னே என்று ஒரு டிக்ஷனரியில் எழுதி வைத்திருக்கிறாய். இஸ்ரேலில் அதே மூன்றெழுத்துக்கு +2, அயர்லாந்தின் கோடைக்காலத்தில் +1. சிஎஸ்டி (CST) இன்னும் மோசம்: அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்கு −6, கியூபாவுக்கு −5, சீனாவுக்கு +8, அதாவது தப்பாக ஊகித்தால் பதினான்கு மணி நேரம் வரை பிசகும். அதனால் உன் ஃபங்ஷன் ஒற்றை விடை தரவே கூடாது, பொருந்துகிற மண்டலங்கள் அத்தனையையும் தரட்டும், நாடோ தேதியோ கொடுத்தால் வடிகட்டட்டும், அப்படியும் இரண்டு மிஞ்சினால் எர்ரர் காட்டி நிற்கட்டும். டேட்யூட்டில் (dateutil) என்ற பைத்தான் லைப்ரரிகூட, தனக்குத் தெரியாத சுருக்கத்துக்குப் பொருள் என்ன என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

டிக்ஷனரியைத் தூக்கிவிட்டு உலகின் நேர மண்டல விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஐயானா (IANA) தரவுத்தளத்தை எடுத்துக்கொள். அரசுகள் நினைத்தபோது நேரத்தை மாற்றுவதால் அது வருடத்துக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகிறது, பைத்தான் 3.9-லிருந்து அதனுடனேயே வரும் ஸோன்இன்ஃபோ (zoneinfo) மாட்யூல் வழியாக நேராகவே படிக்கலாம். ஏசியா/கல்கத்தா என்ற பழைய பெயர் வந்தாலும் ஏசியா/கொல்கத்தா என்று புரிய வேண்டும். அதில் இடிசி/ஜிஎம்டி+5 (Etc/GMT+5) என்று ஒன்று இருக்கும், அதன் பொருள் யுடிசி−5, குறி தலைகீழ். (முதல் தடவை பார்த்தபோது பக் என்றே நினைத்தேன், அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் பழைய வழக்கம்.)

டெஸ்டுக்கு நேபாளத்தின் +5:45, கோடையில் அரை மணி மட்டும் நகரும் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு, 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லாமல் போன சமோவா, மூன்றும் போதும்.

சாட்பாட் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய். ஆனால் சம்பளக் கணக்கு, விமான முன்பதிவு, சர்வர் லாக் என்று பேக்எண்ட் வேலை எங்கே போனாலும் இந்தத் தலைவலி காத்திருக்கிறது, ஏற்கெனவே பட்டவன் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்பவருக்குப் பேச நிறைய இருக்கும். எங்கே, ஏன் ஊகிக்க மறுத்தாய் என்று ரீட்மீயில் ஒரு பத்தி எழுது, அதைத்தான் முதலில் படிப்பார்கள். இந்த வாரம் டெஸ்ட்களை முடித்து அனுப்பு, ரெஸ்யூமை அப்புறம் பார்க்கலாம்.