மட்டைக்குள் பூதம்: ‘மாரியோ டென்னிஸ் ஏசஸ்’ பற்றி மும்பையிலிருந்து வந்த கேள்விகள்

2018 ஜூன் 22 அன்று நிண்டெண்டோவின் சுவிட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த டென்னிஸ் வீடியோ விளையாட்டு இது. செய்தது கேமலாட் நிறுவனம். இதில் வில்லன் ஆளோ மிருகமோ இல்லை. லூசியன் என்ற சாபம் பிடித்த டென்னிஸ் மட்டை. கதை முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் மாட்டுங்காக்காரரின் கேள்வியைத் தாண்டிவிடுங்கள்.

தாராவி: அண்ணா, கதையை ரெண்டு வரியில சொல்லுங்க. லூசியன் எப்படி ஆளைப் பிடிக்குது?

கையில் எடுத்தால் போதும், எடுத்தவன் அதன் ஆள். விளையாட்டில் வரும் மரீனா ஸ்டேடியத்தில், மாரியோவின் போட்டியாளர்களான வாரியோவும் வாலுயிஜியும் பரிசு என்று சொல்லி அதை நீட்டுகிறார்கள். கதாநாயகன் மாரியோவின் தம்பி லுயிஜி தொட்டுவிடுகிறான், மட்டை அவனைப் பிடித்துக்கொள்கிறது. மூவரும் பாஸ்க் என்ற பழைய ராஜ்ஜியத்துக்குப் போகிறார்கள். அங்கே ஐந்து சக்திக் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. ஐந்தும் லூசியனிடம் சேர்ந்தால் அதன் பலம் முழுமையாகிவிடும். அதற்கு முன்னால் மாரியோ அவற்றைச் சேர்க்க வேண்டும். மாரியோவின் நண்பன் டோட் கூடவே வருகிறான், வழியில் ஆஸ்டர் என்ற ஆவி விவரம் சொல்லித் தருகிறது.

செம்பூர்: சார், டென்னிஸ் கேமுக்கு வில்லனா ஒரு மட்டையை ஏன் வெச்சாங்க? பௌசர் போதாதா?

இந்த ஆட்டத்தின் விதியே மட்டையைச் சுற்றித்தான் ஓடுகிறது. இங்கே மட்டை உடையும். கையில் மாற்று மட்டை இல்லாமல் உடைந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஆட்டம் அதோடு முடிந்தது. உங்கள் உயிர் மாரியோவிடம் இல்லை, அவன் கையிலிருப்பதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் எதிரியும் மட்டையாக இருப்பது பொருத்தம். மாரியோ விளையாட்டுகளின் வழக்கமான வில்லன் பௌசரைத் தனியாக வைத்திருந்தால் வழக்கமான கோட்டைக் கதையாகியிருக்கும். மாரியோ டென்னிஸ் வரிசையில் 2005இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவிக்கு வந்ததற்குப் பிறகு கதை முறை இதில்தான் திரும்பியது. ஆனால் கதையில் ஆழம் குறைவு என்பது என் கருத்து. லூசியனுக்கு மிரட்டலைத் தவிர பெரிய பேச்சு கிடையாது.

மாட்டுங்கா: கடைசியில பௌசர் நல்லவனா கெட்டவனா?

கடைசி மோதலில் லூசியன் பௌசர் கையில் இருக்கும். அவன் வேறு வகை ஆபத்து. அடி பலம் அதிகம், கோர்ட்டின் ஓரம்வரை உங்களைத் தள்ளிவிடுவான். கோட்டுக்கு மிகவும் பின்னால் நிற்காமல் ஓரடி முன்னால் நின்று ஆடினால் சமாளிக்கலாம்.

முலுண்ட்: அக்கா, 40-0 முன்னாடி இருந்தேன். திடீர்னு மட்டை உடைஞ்சு கே.ஓ.ன்னு வந்துடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

கே.ஓ. என்றால் மட்டை உடைந்து ஆட்டம் முடிந்தது என்று பொருள். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மட்டையைச் சேதப்படுத்தும் அடிகள் இரண்டு.

முதலாவது ஸோன் ஷாட். தரையில் நட்சத்திரம் தெரியும்போது அதன்மேல் நின்று ஆர் அழுத்தினால் குறி பார்த்து அடிப்பது. இதை நேரம் தவறித் தடுத்தால் மட்டைக்குச் சேதம். மூன்று முறை இப்படி ஆனால் உடையும். இரண்டாவது ஸ்பெஷல் ஷாட். ஆடும்போது சேரும் சக்தியைக் காட்டும் எனர்ஜி மீட்டர் முழுதும் நிரம்பியபின் எல் அழுத்தினால் வருவது. அதை நேரம் தவறித் தடுத்தால் ஒரே அடியில் மட்டை போய்விடும்.

இனி உங்கள் தவறு. பந்தை விட்டால் ஒரு புள்ளிதான் போகும், மட்டைக்கு ஒன்றும் ஆகாது. நாற்பதுக்குச் சுழியம் முன்னிலையில் இருந்தவர் அந்த ஸ்பெஷல் ஷாட்டை விட்டுவிட்டிருக்கலாம். நீங்கள் போய் மட்டையை நீட்டினீர்கள்! தடுக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாதபோது விலகி நிற்பதுதான் புத்திசாலித்தனம். எதிரி மேட்ச் பாயிண்டில் இருந்தால் மட்டும் துணிந்து தடுங்கள்.

தடுக்கத்தான் வேண்டும் என்றால், ஆர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். நேரம் மெதுவாகும், இதற்கு ஸோன் ஸ்பீட் என்று பெயர். பந்து மட்டைக்கு அருகே வரும் கணத்தில் அடிக்கும் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். எல்லாரும் பயத்தில் முன்னாலேயே தட்டுகிறார்கள்; முன்னால் தட்டினால் சேதம்தான். ஸோன் ஸ்பீட் மீட்டரை வேகமாகத் தின்னும் என்பதால் பந்து நெருங்கிய பிறகே தொடங்குங்கள்.

சயன்: எனர்ஜி மீட்டர் நிரம்பவே மாட்டேங்குது.

பந்து வருவதற்கு முன்பே பட்டனைப் பிடித்து சார்ஜ் செய்து அடியுங்கள், ராலி, அதாவது பந்து மாறி மாறிப் போவது, நீளட்டும். கைக்கு எட்டாத பந்துக்கு ட்ரிக் ஷாட் என்ற பாய்ச்சல் அடி போடுங்கள்: வலது ஸ்டிக்கைச் சுண்டலாம், அல்லது எக்ஸ் பட்டனை இரண்டு முறை தட்டலாம். சரியாக விழுந்தால் மீட்டர் ஏறும். எட்டும் பந்துக்குப் போட்டால் பலன் இல்லை, நிலை தவறிவிடும். எதிரி சிவப்பு டாப்ஸ்பின் (முன்பக்கம் சுழலும் அடி) சார்ஜில் அடித்தால் நீலமான ஸ்லைஸால் (பின்பக்கம் சுழலும் அடி) திருப்புங்கள், ஸ்லைஸ் வந்தால் டாப்ஸ்பின். அப்படிச் செய்தால் பின்னுக்குத் தள்ளப்பட மாட்டீர்கள்.

கல்யாண்: லோக்கல்ல விளையாடினா ஸோன் ஷாட் குறி எங்கேயோ போகுது.

ரயில் ஆட்டம்தான் காரணம். ஸோன் ஷாட்டின் குறி கருவியின் அசைவைப் பார்த்து நகரும். குர்லாவில் வண்டி குலுங்கினால் குறியும் குலுங்கும். ஆப்ஷன்ஸில் அசைவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு இடது ஸ்டிக்கால் குறி பாருங்கள். வீட்டில் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம், அதில் துல்லியம் அதிகம். வீட்டிலும் குறி ஒரு பக்கமே இழுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ்’ பகுதிக்குப் போய், ஜாய்கானை (சுவிட்சின் இருபக்கக் கழலும் கைப்பிடிகள்) சமதரையில் வைத்து மோஷன் கன்ட்ரோலைச் சரிசெய்யுங்கள். ஸ்டிக் தானாக நகர்ந்தால் அதே பகுதியில் ஸ்டிக்கைச் சரிசெய்யும் ஸ்டிக் காலிபரேஷன் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் ஸ்டிக்கை மாற்றத்தான் வேண்டும்.

காந்திவலி: பாஸ் கூட மோதி நாலு நாளா மாட்டிக்கிட்டேன். நேரமே போதலை.

மிராஜ் மாளிகையின் மேடம் மிராஜ், காட்டிலுள்ள பீட்டி பிரானா, கடலிலுள்ள கூப்பர் ப்ளூப்பர், இந்த மூன்று பாஸ்களுக்கும், அதாவது கதையில் வரும் பெரிய எதிரிகளுக்கும், அடிப்படை ஒன்றுதான். ராலியில் அடித்து அடித்து அதன் தற்காப்பைக் குறையுங்கள், அது திறந்து கிடக்கும்போது பலவீனமான இடத்தில் ஸோன் ஷாட்டை வையுங்கள். அந்த நேரத்துக்கு எனர்ஜி மீதி இருக்க வேண்டும். முதல் பாதியில் ஸோன் ஸ்பீடில் கரைத்துவிடுவதால்தான் உங்களுக்கு நேரம் போதவில்லை. தோற்றாலும் அனுபவப் புள்ளி சேரும். அதனால் அடியின் வேகமும் ஓட்ட வேகமும் கூடும், நாலு நாள் வீண்போகவில்லை. வழியிலுள்ள சவால்களை முடித்துக் கூடுதல் மட்டைகளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோலிவாடா, ஒரு அம்மா: ஏழு வயசுப் பையன். மட்டை பேசுறதைப் பார்த்துப் பயந்துடுவானாங்க?

பயமுறுத்தும் காட்சி பெரிதாக இல்லைங்க, எல்லா வயதினருக்கும் என்ற ‘ஈ’ தரத்தில்தான் வந்தது. மாமா லுயிஜி ‘கெட்டவனாக’ மாறுவதில் சில குழந்தைகள் முகம் சுளிக்கலாம். முதல் காட்சியைக் கூட உட்கார்ந்து பாருங்கள்.

கிராண்ட் ரோடு: லாமிங்டன் ரோட்ல அமெரிக்கா, ஜப்பான் கார்ட்ரிட்ஜ் ரெண்டும் சொல்றாங்க. எது வாங்க?

சுவிட்ச் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, எதுவும் ஓடும். வாரன்டி பற்றி கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பில் வாங்குங்கள். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.

அந்தேரி: ஒன் பிஹெச்கே. ஸ்விங் முறையில் ஆட முடியுமா?

ஸ்விங் முறை என்றால் ஜாய்கானையே மட்டைபோல வீசி ஆடுவது. முடியும், ஆனால் ஃபேனுக்குக் கீழே நிற்காதீர்கள். மணிக்கட்டு வாரைப் போட்டுக்கொள்ளுங்கள், டிவியிலிருந்து கையை நீட்டினாலும் எட்டாத தூரம் வேண்டும். தோளிலிருந்து வீசத் தேவையில்லை, மணிக்கட்டு அசைவே போதும். சுவிட்ச் லைட் என்ற சிறிய மாடலில் ஜாய்கான் கழலாது, தனியாக ஒரு ஜோடி வாங்க வேண்டும்.