போதை மறுவாழ்வு முடித்து வந்தவரை, முன்பு போதை எடுத்த பழைய சந்து ஏன் மீண்டும் இழுக்கிறது?

இதற்குக் காரணம் தூண்டல் நினைவு. போதை தந்த இன்பத்தோடு இடமும் ஆளும் பொருளும் மூளையில் முடிச்சிட்டுக் கிடப்பதே அது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் வடை பொரியும் வாசம் வந்தால் பசியில்லாதவருக்கும் நாக்கில் நீர் ஊறுகிறதே, அப்படித்தான். லைட்டர் சொடுக்கும் ஓசைக்கே உள்ளங்கை வியர்த்துவிடும். பாவம், அவர் மனவுறுதியை மட்டும் பழிக்காதீர்கள்.

படம் காட்டி, நாடித்துடிப்பைப் பார்த்து, ஏக்கத்துக்கு மதிப்பெண் கேட்டு இதை அளக்கிறார்கள். 2012இல் வெளியான சீன ஆய்வொன்றில், ஹெராயின் பழக்கம் இருந்தவர்களிடம் அந்த நினைவைச் சற்றே கிளறினார்கள். 10 நிமிடம் கழித்து, போதைப்பொருள் தராமல் அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கிளறிய நினைவு சிறிது நேரம் நெகிழ்ந்திருக்கும், அப்போது அதை மாற்றலாம் என்பதே அடிப்படை. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏக்கம் குறைந்தே இருந்தது.

பலர் நினைப்பதுபோல் இது நினைவை அழிப்பதன்று. சந்து நினைவிருக்கும், இழுப்புதான் தளரும்.