ஃபெர்மென்டர் ஓடுகிற கல்லூரியாகப் பாருங்கள்

ஆச்சி, பயோடெக் படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்று காரைக்குடியில் நாலு பேர் சொன்னதைக் கேட்டுப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வெறும் பட்டத்தோடு வெளியே வந்தால் கஷ்டம்தான். ஆனால் அதே துறையில் உற்பத்திப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பயோ-ஈ3 கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. என்சைம், மருந்து, மக்கும் பிளாஸ்டிக், புரத உணவு போன்றவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு பெரிய அளவில் இங்கேயே தயாரிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இதற்கு அரசு ஏன் கை கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு ஒரு படி அரைக்கிற இட்லி மாவுப் பக்குவம் கல்யாண வீட்டு அண்டாவுக்கு அப்படியே சரிவருமா? குடுவையில் சமர்த்தாக வளர்ந்த நுண்ணுயிர், ஃபெர்மென்டர் என்கிற பத்தாயிரம் லிட்டர் வளர்ப்புத் தொட்டியில் முரண்டு பிடிக்கும். எல்லா மூலைக்கும் காற்று போய்ச் சேராது. உள்ளே கிளம்பும் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாடு. நுரை பொங்கும். வேண்டாத கிருமி ஒன்று புகுந்தால் அந்த பேட்ச் மொத்தமும் சாக்கடைக்குத்தான். சின்ன கம்பெனிகளால் இந்தச் சோதனைச் செலவைத் தாங்க முடியாது. அதனால்தான் பல கம்பெனிகளுக்கும் பொதுவான உற்பத்தி மையங்கள் அமைப்பதை இந்தக் கொள்கை முன்வைக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் தொட்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும்.

மகள் பிளஸ் டூவில் கணக்கும் எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. பொறியியல் கலந்தாய்வில் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜியை முதலில் வையுங்கள், அடுத்து கெமிக்கல். சென்னை ஏ.சி. டெக்கில், அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், இண்டஸ்ட்ரியல் பயோடெக் இருக்கிறது. நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் பெயரில் உள்ள கல்லூரிதான். கட்-ஆஃப் அதிகம், ஆனாலும் விடாதீர்கள்.

வேறு கல்லூரி என்றால் நேரில் போய் ஃபெர்மென்டரைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் லாக் புக் இருக்கும். பி.எச். (புளிப்பு அளவு), வெப்பம், ஆக்சிஜன் எல்லாம் மணிக்கு மணி மாணவர் கையெழுத்தில் இருக்கிறதா, கடைசித் தேதி எது என்று பாருங்கள். உறை போட்டு மூடி வைத்திருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள், ஆச்சி. கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கொள்கை வந்ததாலேயே யாருக்கும் வேலை உறுதி ஆகிவிடாது. வேலையும் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத் பக்கம்தான். பேட்ச் ஓடும்போது ராத்திரி ஷிப்ட்டும் வரும். அதற்கு அவள் தயாரா என்று அவளிடமே கேளுங்கள். சரி என்றால், கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.