தில்லிக் குளிரில் கலேடியம் இலை விழுந்தால்

தில்லி மயூர் விஹாரில் உங்கள் பால்கனித் தொட்டியிலுள்ள கலேடியம் நவம்பரில் இலைகளை உதிர்த்துவிட்டது, தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் செடி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. வண்ண இலைகளுக்காக வளர்க்கும் கலேடியம் ஒரு கிழங்குச் செடி. இரவு வெப்பம் 15 டிகிரியை நெருங்கினாலே இலைகளை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். மயூர் விஹார் பால்கனியில் நவம்பரில் இலை நின்றிருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்குக் கவலை தருவது, வாடுகிறதே என்று நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றுவது. இலையில்லாத செடிக்கு நீர் தேவைப்படாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் கிழங்கு அழுகும். இன்றே நிறுத்துங்கள்.

மேல்மண்ணை விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். சேப்பங்கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தால் நல்லது (இரண்டும் ஒரே குடும்பம்தான்). கொழகொழவென்று நாறினால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, மிச்சத்தை நிழலில் உலர்த்துங்கள். கையுறை அவசியம், சாறு பட்டால் அரிக்கும். குழந்தையோ பூனையோ வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிழங்கைக் காய்ந்த கோகோபீட்டில் (தென்னை நார்த்தூள்) புதைத்து வீட்டுக்குள் வையுங்கள். மார்ச் கடைசியில், இரவுக் குளிர் நன்றாக விட்டதும் நடலாம். அவசரப்பட்டு பிப்ரவரியில் நட வேண்டாம்.

ஒன்று: இதெல்லாம் கலேடியத்துக்கு மட்டும். பக்கத்தில் இருப்பதாக நீங்கள் சொன்ன குரோட்டன், அக்லோனிமா செடிகள் இப்படி உறங்காது. அவற்றை உள்ளே வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்தபின் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள்.