ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசிக்கொண்டு ஓட்டினால் என்ன தவறு?

கேள்வி: 12 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசிக்கொண்டே ஓட்டுவேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஓட்டத் தெரிந்தவருக்குமா இந்தக் கட்டுப்பாடெல்லாம்? டிரைவிங் ஸ்கூல் பயிற்சியால் உண்மையில் என்ன பயன்?

நானும் உங்களைப் போலத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் சிக்னலில் நின்றபோது ஒரு மெசேஜைப் பார்த்தேன். வண்டிதான் ஓடவில்லையே! பச்சை விழுந்தது, பின்னாலிருந்து ஹாரன். போனைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒழுங்காகத்தான் வண்டியை எடுத்தேன். கண்ணும் ரோட்டில்தான் இருந்தது. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் கடந்துகொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. அவர் உள்ளங்கையால் பானெட்டைத் தட்டிய சத்தத்துக்குத்தான் பிரேக்கை மிதித்தேன். அவர் திட்டவில்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

கண் திறந்திருந்தும் எப்படித் தெரியாமல் போனது என்று பல நாள் குழம்பினேன். மனசு அந்த மெசேஜுக்கு என்ன பதில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். காரிலேயே வரும் குரல் கட்டளை வசதியைப் பயன்படுத்தி முடித்த பிறகும், சில கார்களில் ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது என்று 2015இல் வெளியிட்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்றால் 450 மீட்டர். அரைகுறை மனசோடு அவ்வளவு தூரம்!

ஹேண்ட்ஸ் ஃப்ரீ கையை மட்டும்தான் விடுவிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கூட, முன்னால் லாரி திரும்பினால் தானாகப் பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார். நாமும் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே லாரியை நெருங்குவோம்.

ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அந்த 12 வருடத்தில் உங்களுக்காக எத்தனை பேர் ஒதுங்கிப் போனார்கள், பிரேக் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லையே. எனக்கும் அந்தப் பெரியவர் பானெட்டைத் தட்டியதால்தான் தெரிந்தது.

சரி, பயிற்சிக்கு வருவோம். எனக்குக் கிடைத்த பயிற்சி கிளட்ச், கியர், ரிவர்ஸ் எடுப்பது, லைசென்ஸ் வாங்குவது, அத்தோடு சரி. கைக்கும் காலுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக ஓட்டுகிறவர் பெரும்பாலும் பானெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள ரோட்டையே பார்ப்பார், மிரர் பக்கம் கண் போகாது. தூரத்தில் நடப்பதைப் படிக்கப் பழக்க வேண்டும். பிரிட்டனில் 2002இலிருந்து எழுத்துத் தேர்வோடு இதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது. வீடியோ ஓடும், ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே அதைக் கண்டுபிடித்து கிளிக் செய்ய வேண்டும்.

என் தங்கைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். முதல் நாள் "முன்னாடி கார், முன்னாடி கார்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரத்தில், "ஓரமா நிக்கிற கார்ல டிரைவர் இருக்கார், கதவைத் திறந்தாலும் திறப்பார். அங்க பந்து உருளுது, பின்னாடியே பிள்ளை ஓடி வரும்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நீங்களும் ஒரு நாள் இப்படி ஓட்டிப் பாருங்கள். நடுவில் போன் பேச இடமே இருக்காது.

இப்போது என் போன் பின் சீட்டில் பைக்குள் கிடக்கிறது. மேப்பைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுவேன். "ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்வதற்குக்கூட எடுப்பதில்லை. இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. யாருக்குப் போன் செய்தாலும் முதலில் "வண்டி ஓட்டறியா?" என்று கேட்பேன். ஆமாம் என்று பதில் வந்தால் அந்த நிமிடமே கட் செய்துவிடுவேன். தங்கைக்கு முதலில் கோபம் வந்தது. இப்போது அவளும் எனக்கு அதையே செய்கிறாள்.