சந்தையில் வாங்கிய பசு பாலை அடக்கிக்கொள்கிறதே?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். ஈரோட்டுப் பக்கத்துச் சந்தையில், கன்று ஈன்று ஒரு மாதமான ஜெர்சி கலப்பினப் பசுவை வாங்கி, கன்றோடு லாரியில் ஏற்றி வந்தோம். அங்கே வேளைக்கு 5 லிட்டர் கறந்தது, இங்கே பாதிகூட இல்லை. மடி நிறைந்திருக்கிறது, கறக்க உட்கார்ந்தால் உதைக்கிறது. நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? பால் இறங்க ஊசி போடலாமா?

பதில்: ஊசி வேண்டாம். மடி நிறைந்திருக்கிறது என்றால் பால் ஊறுகிறது, இறங்கத்தான் இல்லை. அதனால் விற்றவரைச் சந்தேகிக்க இப்போதைக்குக் காரணம் இல்லை.

காம்பைத் தடவியதும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை விடும். அது ஒரு நிமிடம் போல மடிக்கு வந்து பாலை இறக்கும். சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். மாடு மிரண்டாலோ, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். மடிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், ஆக்சிடோசின் வேலை செய்யாது. உதைத்ததற்காக ஓர் அடி போட்டால் அந்த வேளைப் பால் போனதுதான்.

மிரட்சி நாள்கணக்கில் நீடிக்கும்போது கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஓயாமல் சுரக்கும். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை ஏவ, அது அட்ரினலை ஏவ, கார்ட்டிசால் வருகிறது. ஆபத்து நேரத்தில் உடம்புக்குச் சர்க்கரை திரட்டித் தருவது அதுதான். ஆனால் லாரிப் பயணம், புது ஆள், புதுத் தீவனம், தகரக் கொட்டகைச் சூடு எல்லாம் சேர்ந்து அதை இறங்கவிடாமல் வைத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். மூக்கில் சும்மா கிடந்த கிருமி நுரையீரலுக்கு இறங்கும். உங்கள் மாட்டுக்கு அதுதான் தொடங்குகிறதோ என்று எனக்குக் கவலை. மடிநோய்க்கும் இது தோதான சமயம். நீண்டுபோனால் சினைப்பருவமும் வெளியே தெரியாது.

இன்றே காய்ச்சல் பாருங்கள். 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, வாயில் புண் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள். அது கார்ட்டிசாலின் வேலையையே செய்யும், எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும். வீட்டு மாடுகளோடு மூன்று வாரம் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், கன்றை முதலில் ஊட்டவிட்டு, தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறக்கட்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுங்கள், தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். வைக்கோலை மத்தியான வெயிலில் போடாமல் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் போடுங்கள். ஒரு வாரத்தில் பால் ஏறாவிட்டால், நான்கு காம்பிலும் பால் திரிந்து வருகிறதா என்று பார்த்து மறுபடி எழுதுங்கள்.