வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

தம்பி, செங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்து வேலையில்லாமல் இருப்பதற்கு அரசிடமிருந்து மாதம் 400 ரூபாய் உதவித்தொகை வருகிறது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வழிகாட்டும் அலுவலர் வேலைவாய்ப்பு முகாமுக்கு வரச் சொல்கிறார், போனால் பணம் நின்றுவிடுமோ என்று பயம். சரிதானே?

முகாமுக்குப் போவதால் நிற்காது. வேலையில் சேர்ந்தால்தான் நிற்கும், அப்போது நீங்களே அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகை வாங்குவதால் உங்கள் வேலைவாய்ப்புப் பதிவும் ரத்தாகாது. ஆனால் வருடாவருடம் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க மறந்துவிடாதீர்கள். எப்படியும் மூன்று வருடத்துக்கு மேல் இந்தப் பணம் வராது. (400 ரூபாய் டீக்கும் பஸ்ஸுக்குமே காணாது, அது வேறு கதை.)

நானும் உங்கள் பக்கத்துப் புளியரைக்காரன்தான். தென்காசியில் இதேபோல் ஒரு வழிகாட்டும் அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, ஏதோ கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, "பிளஸ் டூ முடித்து ஒன்றரை வருடம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். புனலூரில் ஜவுளிக்கடையில் நின்றேன் என்றேன். "அப்போ மலையாளம் வருமே, ஏன் எழுதவில்லை?" பேனாவை எடுத்து அவரே ஓரத்தில் எழுதினார். எனக்கு அது ஒரு தகுதி என்றே தோன்றியதில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் மலையாளம் தெரியாது! அடுத்த முகாமில் கொல்லத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்.

எல்லா அலுவலரும் அப்படி இருக்கமாட்டார்கள். உங்கள் அலுவலர் கேட்காவிட்டாலும் கேரள எல்லை தாண்டிச் செய்த வேலையை நீங்களே சொல்லுங்கள். அப்புறம், அரசுத் தேர்வு எழுதும் எண்ணமிருந்தால் அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டத்தைக் கேளுங்கள், வகுப்பு இலவசம்.